ஊர் ஏரியை ஊரே மீட்க: தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஏரியை மீட்கப் போகிறோம் என்று ஓர் ஊர் முடிவெடுத்தால் முதலில் வந்து நிற்பது ஜேசிபி. ஒரு வாரம் மண் அள்ளுவார்கள். ஏரி நடுவே ஆழமான பள்ளங்கள் விழும். ஐப்பசியில் மழை கொட்டும், ஆனால் தண்ணீர் அந்தப் பள்ளங்களைத் தாண்டி நிற்காது. ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டுக் கிடந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் வரத்துக்கால் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), அடுத்து கலுங்கும் (உபரிநீர் வழியும் இடம்) மதகும் (பாசனத்துக்கு நீர் திறக்கும் வாய்), பிறகு சீமைக்கருவேலம், அதற்குப் பிறகு வண்டல், கடைசியாகக் கரையும் நடவும். இந்த வரிசையை மாற்றினால் பணமும் உழைப்பும் மழையோடு போகும். தமிழ்நாட்டின் மழையை நம்பியிருக்கும் சிறிய, நடுத்தர ஏரிகளை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. ஆற்றுக் கால்வாயிலிருந்து நீர் பெறும் ஏரிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

100 ஏக்கர் (40 ஹெக்டேர்), அதற்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு. 2021 வரை இது பொதுப்பணித்துறையின் ஒரு பிரிவாக இருந்தது. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வரும். குட்டை, ஊருணி போன்றவை பெரும்பாலும் கிராம ஊராட்சியிடம் இருக்கும். கோயில் குளமென்றால் அறநிலையத்துறை, காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு கொடுத்தால், ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும்.

அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணையும் அள்ளக் கூடாது. நல்ல எண்ணத்தோடு அள்ளினாலும் சட்டத்தின் பார்வையில் அது மண் திருட்டுதான். வண்டியும் பறிமுதலாகும், குழுவின் பெயரும் கெடும்.

ஆவணங்களைத் திரட்டுதல்

மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: கிராம வரைபடம், ஏரியின் சர்வே எண்ணுக்கான புலப்படம் (எல்லை அளவுகளைக் காட்டும் படம்), அ-பதிவேட்டின் (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாடும் பரப்பும் உள்ள வருவாய்ப் பதிவேடு) நகல். புலப்படத்தையும் அ-பதிவேட்டு விவரத்தையும் அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுக்கலாம். கிராம வரைபடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேளுங்கள்.

ஏரியின் சர்வே எண்ணோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வரத்துக்கால் பல சர்வே எண்கள் வழியாக வரும். சில இடங்களில் அது 'வாய்க்கால் புறம்போக்கு', 'ஓடைப் புறம்போக்கு' என்று தனி எண்ணோடு இருக்கும். சில இடங்களில் பட்டா நிலத்தின் ஓரமாக ஓடும். கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஏரியில் தொடங்கி மேல்நோக்கி, வாய்க்கால் தொடும் ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எதிரே அ-பதிவேட்டில் உள்ள வகைப்பாட்டையும் பரப்பையும் குறியுங்கள். அடுத்த ஆறு மாதங்களில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த நோட்டுதான் பேசும்.

கேட்ட ஆவணம் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "ஏரி பற்றிய விவரம் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. சர்வே எண், ஆண்டு, ஆவணத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, "சான்றிட்ட நகல் தருக" என்று கேளுங்கள். ஏரியின் முழு நீர்மட்டம், கொள்ளளவு, மதகின் அடிமட்டம், கலுங்கின் நீளம் ஆகியவை ஏரியின் பழைய நினைவுக் குறிப்பேட்டில் இருக்கும். நீர்வளத்துறை ஏரியென்றால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

குழுவும் கணக்கும்

ஆயக்கட்டு விவசாயிகள் மட்டும் சேர்ந்து குழு அமைத்தால் பாதி ஊர் வேடிக்கை பார்க்கும். ஆடு மாடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், மண்பாண்டம் செய்பவர்கள், நிலமில்லாதவர்கள், ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆணும் பெண்ணும் என எல்லோரும் இருக்க வேண்டும். ஏரியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். எந்த மடையில் கசிவு என்பது விவசாயிக்குத் தெரியும். கரையில் எங்கே வளை விழுந்திருக்கிறது என்பது ஆடு மேய்ப்பவருக்குத்தான் தெரியும். நீர்க்கட்டி அல்லது மடையர் என்று ஏரி நீரைத் திறந்துவிடும் பொறுப்பில் இருந்த குடும்பம் ஊரில் இன்னும் இருந்தால், அவர்களை முதல் நாளே அழையுங்கள். எழுதிவைக்காத பல அளவுகள் அவர்களிடம் இருக்கும்.

கணக்கு விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்கிறது அந்த விதி. இன்றைக்கும் இதைவிட நல்ல விதி இல்லை. வங்கிக் கணக்கை மூன்று பேர் பெயரில் தொடங்கி, எவராவது இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். வரவையும் செலவையும் வாரம் ஒருமுறை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். இயந்திர வாடகையில் ஓடிய மணிக்கணக்கைத் தினமும் மாலையில் ஓட்டுநரும் குழுவில் ஒருவரும் கையெழுத்திட்டு எழுத வேண்டும். சண்டை எழுவது பெரும்பாலும் இந்த மணிக்கணக்கில்தான்.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். இவற்றில் ஜனவரி 26 ஏரி வேலைக்கு மிகப் பொருத்தமான நாள். அப்போது தீர்மானம் நிறைவேறினால் கோடைக்குள் அனுமதி வாங்க நேரம் கிடைக்கும். தீர்மானத்தில் சர்வே எண்ணும் வேலையின் விவரமும் இருக்க வேண்டும். "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்ற ஒற்றை வரியை வைத்து எந்த அதிகாரியாலும் எதையும் செய்ய முடியாது.

மழையில் நடந்து பாருங்கள்

வாய்க்காலின் உண்மை நிலை வெயிலில் தெரியாது. நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது, அல்லது விட்ட அரை மணி நேரத்துக்குள், இருவர் இருவராகப் பிரிந்து வரத்துக்கால் முழுவதும் நடக்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே சாலையின் மேல் ஏறுகிறது, எங்கே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது என்பதைப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்து, சர்வே எண்ணோடு குறியுங்கள்.

பெரும்பாலும் தகராறு இந்த இடங்களில்தான் இருக்கும்: சாலை போட்டபோது வாய்க்கால் தரையைவிட உயரமாகப் பதித்த சிறுபாலக் குழாய், வயலுக்கு வண்டி போக மண் கொட்டி மூடிய இடம், வீட்டுமனை போட்டபோது குறுக்கே எழுப்பிய மதில். குழாய் பத்து செ.மீ. உயரமாக இருந்தாலும் போதும், சிறு மழைகளின் நீர் முழுவதும் அங்கேயே நின்றுவிடும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் ட்யூப் மட்டம் போதும். 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒரே ஒரு குமிழி இருந்தாலும் அளவு தவறும். இரு முனைகளையும் அளவு குறித்த இரண்டு கம்புகளில் பிடித்து, இரு கம்புகளிலும் நீர்மட்டம் காட்டும் அளவுகளின் வேறுபாட்டை எழுதிக்கொண்டே நகருங்கள். வேலை முடிந்ததும் அதே வழியில் தொடங்கிய இடத்துக்கு அளந்துகொண்டே திரும்புங்கள். இறங்கியதும் ஏறியதும் சமமாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. மண் வாய்க்காலுக்கு 100 மீட்டருக்கு 5 முதல் 10 செ.மீ. இறக்கம் போதுமானது. அதிகமாக இருந்தால் வாய்க்கால் அரிக்கும்.

இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் கனமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடி வருகிறது என்று வைத்துக்கொண்டால் 20,000 கனமீட்டர். வரத்துக்கால் பாதி அடைபட்டிருந்தால் 10,000 கனமீட்டர் போய்விடும். அந்த அளவுக்கு மண் தோண்ட வேண்டுமானால், 8 ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு அள்ள வேண்டும். இரண்டு சிறுபாலங்களைச் சரிசெய்தால் ஒரே மழையில் கிடைக்கக்கூடிய நீர் இது.

வரத்துக்கால் வேலை

ஏரி வாயில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து தொடங்கினால் நடுவில் மழை வரும்போது வெட்டிய மண் எல்லாம் கீழே அடைத்துவிடும். பக்கச் சரிவு, ஒரு பங்கு உயரத்துக்குக் கெட்டி மண்ணில் ஒரு பங்கு, இளகிய மண்ணில் ஒன்றரை பங்கு அகலம். இயந்திர ஓட்டுநர்கள் விரைவுக்காகச் செங்குத்தாக வெட்டிவிடுவார்கள். முதல் மழையிலேயே பக்கம் சரிந்து வாய்க்கால் பழையபடி ஆகிவிடும். வேலை நடக்கும்போது ஒருவர் அளவுக்கம்போடு கூடவே நிற்க வேண்டும்.

வெட்டிய மண்ணை வாய்க்கால் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்கள். தொடர்ந்து கரைபோலவும் போடக் கூடாது. இடையிடையே திறப்பு விட்டால்தான் பக்கத்து நிலத்து மழைநீர் வாய்க்காலில் இறங்கும். இதை விட்டுவிட்டு, பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கி, அந்த விவசாயியே இரவோடு இரவாக வாய்க்காலை மூடிய ஊர்கள் உண்டு.

நீர் ஏரிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். வாய்க்காலின் அகலத்தைப் போல இருமடங்கு அகலம், ஒரு மீட்டர் ஆழம். வேகம் குறைந்து மணலும் கசடும் அங்கேயே படியும். ஆண்டுதோறும் அந்தக் குழியை மட்டும் அள்ளினால் ஏரிக்குள் சேரும் மண் வெகுவாகக் குறையும். பிளாஸ்டிக்கைத் தடுக்க அதே இடத்தில் கம்பித் தடுப்பு போடலாம். ஆனால் மழைக்காலத்தில் தினமும் அதைச் சுத்தம் செய்ய ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள். சுத்தம் செய்யாத தடுப்பு வாய்க்காலுக்கே அணையாகிவிடும்.

கழிவுநீர் கலந்தால் அதைத் தனியே திருப்பாமல் மேற்கொண்டு எதையும் செய்வதில் பயனில்லை. சாக்கடையில் உள்ள சத்துதான் ஆகாயத்தாமரைக்கு உரம்.

கலுங்கும் மதகும்

கலுங்கின் மேல்மட்டம்தான் ஏரியின் முழு நீர்மட்டம். அதற்கு மேல் வரும் நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். மேலே நிலம் வைத்திருப்பவர்கள் நீர் தங்கள் வயலில் ஏறாமல் இருக்கக் கலுங்கை உடைப்பதும், கீழே பாசனம் பெறுபவர்கள் இன்னும் கொஞ்சம் நீர் நிற்கட்டும் என்று மணல்மூட்டை அடுக்குவதும் பல ஊர்களில் நடப்பவை. இரண்டும் தவறு, இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது. கலுங்கு வழியாகப் போக முடியாத வெள்ளம் கரையைத் தாண்டும். மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம். பழைய கலுங்குகளில் வரிசையாக நட்ட கற்கள் இருக்கும். அவற்றின் இடைவெளியை மண்ணால் அடைத்து நீரைத் தேக்கும் வழக்கம் உண்டு. அது பெருமழைக் காலம் முடிந்த பிறகு மட்டும் செய்வது.

உபரிநீர் வாய்க்காலையும் சேர்த்தே சுத்தம் செய்யுங்கள். கீழ் ஏரி ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. ஒன்றில் செய்வது அடுத்ததில் தெரியும்.

மதகை ஏரி காய்ந்திருக்கும்போது சோதியுங்கள். ஷட்டரை முழுமையாகத் தூக்கி இறக்கி, திருகுத் தண்டுக்குக் கிரீஸ் போடுங்கள். மதகின் வெளிவாயில் குனிந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குழாயின் கூரையிலோ பக்கத்திலோ ஈரக்கோடும் அதன் கீழே சிறு மண்குவியலும் தெரிந்தால், கரை மண் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அது பொறியாளர் பார்க்க வேண்டியது, பூச்சு வேலையால் தீராது. இரண்டு கல்தூண்களோடு நிற்கும் பழைய மதகாக இருந்தால் இடிக்காதீர்கள். தூண்களில் எழுத்து இருக்கலாம். நீர் ஊற்றிக் கழுவிப் பார்த்து, எழுத்து தெரிந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள்.

சீமைக்கருவேலமும் மற்ற களைகளும்

வெட்டுவதற்கு முன் அடையாளம் தெரிய வேண்டும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமாலை போல இடைக்கிடை சுருங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர், காய் நேராக, பழுத்தால் வெளிர்மஞ்சள். ஆர்வத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். நாட்டுக் கருவேலம் நீரில் நின்று தாங்கும், பறவைகள் கூடு கட்டும், அது இருக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் வேரின் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. எனவே தரையிலிருந்து ஓர் அடி ஆழம் வரை தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். ஏரி நீர் வற்றி மண் ஈரமாக இருக்கும் மாசி, பங்குனியில் இது எளிது. கன்றுகள் கைக்கே வரும். மணிக்கட்டுப் பருமன் வரை கடப்பாரை போதும், அதற்கு மேல் இயந்திரம். முள் செருப்பைத் துளைக்கும். கெட்டி அடிப்பாகமுள்ள பூட்ஸ், தோல் கையுறை, முன்கூட்டியே டெட்டனஸ் ஊசி, இவை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

மரத்தில் கூடு இருந்தால் அந்த மரத்தையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் விட்டுவிடுங்கள். நீர்ப்பறவைகளின் இனப்பெருக்கம் பல ஏரிகளில் மழைக்காலத்தில் தொடங்கிக் கோடை வரை நீடிக்கும். குஞ்சுகள் பறந்த பிறகு ஆனி, ஆடியில் எடுத்தால் போதும். மாற்று மரம் வளராமல் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் அழித்தால் பறவைகளுக்கு இடமில்லாமல் போகும். மூன்று ஆண்டுகளில் பகுதி பகுதியாக எடுப்பதே நல்லது.

புறம்போக்கில் நிற்கும் மரம் குழுவின் சொத்தல்ல. விறகை ஏலம் விடும் உரிமை பொறுப்பிலுள்ள துறைக்கோ ஊராட்சிக்கோ உரியது. இதைக் கவனிக்காமல் விற்றுப் பணத்தை நல்ல காரியத்துக்கே செலவிட்டாலும் வழக்கு வரும்.

வேரெடுத்த பின் வேலை முடிந்துவிடாது. காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில் விதைகள் ஏராளமாக இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். அடுத்த மூன்று ஆண்டுகள், மழைக்குப் பின் ஒரு நாள் கன்று பிடுங்கும் வேலை இருக்கிறது என்று இப்போதே எழுதிவையுங்கள்.

நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒரு துண்டுத் தண்டு ஈரத்தில் கிடந்தாலும் வேர்விடும். பிடுங்கியதை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்க் காயவையுங்கள். ஆகாயத்தாமரை சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இருமடங்காகும், விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பூப்பதற்கு முன் எடுக்க வேண்டும். எடுத்த பகுதிக்குள் மீண்டும் மிதந்து வராமல் மூங்கிலும் கயிறும் கொண்டு தடுப்புக் கட்டிக்கொண்டே நகருங்கள். களைநீருக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறும் கரையில் பிடித்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். களைக்கொல்லி தெளிக்க வேண்டாம். செத்த களை அழுகும்போது நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மொத்தமாக மிதக்கும்.

வண்டல் அள்ளுதல்

முதலில் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் என்பது 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 145 நடை. தோண்டிய மண் இளகிக் கால் பங்கு கூடும் என்பதால் 180 நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மண்ணும் எங்கே போகப்போகிறது என்பதற்கு விடை இல்லாமல் இயந்திரத்தை அழைக்காதீர்கள். ஏரிக்குள்ளேயே குவித்து வைத்த மண் மழையில் கரைந்து பழைய இடத்துக்கே திரும்பும்.

விவசாயிகள் நிலத்துக்கு இலவசமாக எடுத்துச் செல்ல அரசு விதி இருக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். இதன்படி ஓர் ஏக்கரில் ஓர் அடி எடுத்தால் வரும் 1,233 கனமீட்டர் மண்ணை ஏறத்தாழ 16 ஏக்கர் நஞ்சை வாங்கிக்கொள்ளும். யார் யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே பட்டியல் எடுத்து, எல்லோரும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். நிலத்தில் பரப்பும் முன் மண் பரிசோதனை நிலையத்தில் உவர், களர் தன்மையைப் பார்த்துவிடுங்கள். தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியென்றால் அந்த வண்டல் வயலுக்கு வேண்டாம்.

எங்கே அள்ளுவது என்பதில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. கரை அடியிலிருந்து, கரை உயரத்தைப் போலக் குறைந்தது இருமடங்கு தூரம் தள்ளியே தோண்ட வேண்டும். வண்டிக்கு அருகில் இருக்கிறதென்று கரையடியில் தோண்டினால் கரையின் காலை வெட்டியதாகும், நீர் நிரம்பியதும் உள்சரிவு வழுக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஏரி முழுவதும் ஆழப்படுத்தினால் அந்த நீர் பாசனத்துக்கு வராது. மீனுக்கும் கோடையில் கால்நடைக்கும் ஒரு பகுதியில் மட்டும் ஆழமான மடு விடலாம். அதற்கும் படிப்படியான சரிவு வேண்டும். செங்குத்துக் குழிகளில் குளிக்க இறங்கும் பிள்ளைகள் மூழ்குகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இயந்திரம் போவதற்கு முன் எல்லாக் குழி விளிம்புகளையும் சரிவாக்குங்கள்.

தோண்டும்போது கருமையான வண்டல் முடிந்து, நிறம் மாறி, கெட்டியான களி தெரிந்தால் நிறுத்துங்கள். நீரைப் பிடித்துவைப்பது அந்தக் களிதான். அதை உடைத்து மணல் வரை போனால் நீர் தங்காது. எல்லாம் தோண்டிவிட்டோம் என்று நினைக்கும் ஏரிகள் தை மாதத்திலேயே வறண்டுபோவது இதனால்தான்.

கரையைப் பலப்படுத்துதல்

பழைய கரையின் மேல் அப்படியே புது மண்ணைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. புல்லையும் வேரையும் செதுக்கி, சரிவில் படிபடியாக வெட்டி, நீர் தெளித்து, அதன் பிறகு 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஈரம் சரி. பிடியிலேயே உதிர்ந்தால் நீர் போதாது, கையில் சேறாக ஒட்டினால் அதிகம். வெறும் கரிசல் மண்ணை மேற்பரப்பில் போடாதீர்கள், கோடையில் வெடிக்கும். வேரெடுத்த குழி, எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று எல்லாவற்றையும் முடியும் வரை தோண்டிப் பார்த்து, களிமண் வைத்து இடித்து அடையுங்கள். வாயை மட்டும் மூடுவது ஏமாற்று வேலை.

கரையின் உடம்பில் ஆல், அரசு போன்ற பெருமரங்கள் வேண்டாம். அவை பட்டுப்போனால் அழுகிய வேர் இருந்த வழியே நீர் புகும். பனை அப்படியல்ல. அதன் சல்லிவேர்கள் மண்ணைக் கட்டிப்பிடிக்கும். நாற்று எடுத்து நட்டால் பனை பிழைப்பது அரிது, ஏனென்றால் முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்கும். ஆவணி, புரட்டாசியில் உதிரும் பழத்தின் விதையை, கரையின் வெளிச்சரிவில் 3 மீட்டர் இடைவெளியில் நேரடியாக ஊன்றுங்கள். இடையே வெட்டிவேர்த் தூரை 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக வைத்தால் மழை அரிப்பு நிற்கும். ஏரிக்குள் மண்திட்டு அமைத்தால் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நடலாம். இரண்டும் பல வாரம் நீரில் நின்றாலும் பிழைக்கும்.

மீன் குத்தகை

பலரும் மறந்துவிடும் இடம் இது. மீன் பிடிக்க எளிதாக இருக்குமென்று குத்தகைதாரர் மதகைத் திறந்து நீரை வடிப்பது வழக்கம். ஏல நிபந்தனையிலேயே குறைந்தபட்ச நீர்மட்டத்தை எழுதச் சொல்லுங்கள். மதகுத் தூணில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு வீதம் பெயிண்டால் அளவுகோல் எழுதி, அந்த மட்டத்தைச் சிவப்பில் காட்டுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஏரிக்குள் போனால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும்.

ஆக்கிரமிப்பு

குழுவே போய் வேலியைப் பிடுங்கக் கூடாது. எல்லையை அளந்து காட்டும்படி வட்டாட்சியரிடம் மனு கொடுத்து, நில அளவர் அளந்த இடத்தில் கல் நட வையுங்கள். பல ஆக்கிரமிப்புகள் எல்லை தெரியாததால் நேர்ந்தவை, கல் நட்டதும் பேச்சிலேயே தீரும். தீராதவற்றுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கின்றன. ஊர்ப் பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் சேர்க்கலாம். வேறு இடமில்லாத ஏழைகளின் வீடு ஏரிக்குள் இருந்தால், மாற்றுமனை கேட்டுத் தரும் மனுவையும் குழுவே எழுத வேண்டும். முதலில் குடிசையைக் காட்டி, பெரிய மதிலை விட்டுவிடும் குழுவை ஊர் நம்பாது.

மழைக்காலக் காவல்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறது. செப்டம்பர் கடைசிக்குள் மண் வேலையை நிறுத்திவிடுங்கள். 200 காலி மூட்டை, ஒரு டிராக்டர் மணல், மண்வெட்டி, கயிறு, டார்ச் ஆகியவற்றைக் கரையருகே ஒரே இடத்தில் வையுங்கள்.

முழு மட்டத்தை நெருங்கும்போது இரவும் பகலும் இருவர் இருவராகக் கரையின் வெளிப்புற அடியில் நடக்க வேண்டும். மேலே நடப்பதைவிடக் கீழே நடப்பதுதான் முக்கியம். கரையடியில் நீர் கசிந்தால் உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் குறித்துவைத்துக் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளிருந்து கரைகிறது. அந்த ஊற்றை நேரடியாக அடைக்காதீர்கள், வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். அதைச் சுற்றி வட்டமாக மணல்மூட்டை அடுக்கி, உள்ளே நீர்மட்டம் உயர விடுங்கள். அழுத்தம் சமமாகிக் கலங்கல் குறையும். அதே நேரத்தில் துறை அலுவலருக்கும் கீழ்ப்பக்கக் குடியிருப்புகளுக்கும் தகவல் போக வேண்டும்.

ஏரி நிரம்பிய நாள், கலுங்கு வழிந்த நாட்கள், வாரந்தோறும் மதகு அளவுகோலின் மட்டம், சுற்றியுள்ள நான்கைந்து கிணறுகளின் நீராழம் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதுங்கள். ஏரியைச் சுற்றி நான்கு இடங்களில் கல் நட்டு, அங்கிருந்து ஒரே திசையில் மாதம் ஒரு படம் எடுங்கள். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002இன்படி ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஏரியின் பறவை, மீன், செடிகளின் பெயர்களை அந்தக் குழுவின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது இதே சட்டத்தின் கீழ்தான். பின்னால் ஏரியை வேறு பயன்பாட்டுக்குக் கேட்டு யாராவது வந்தால், அங்கே என்ன இருக்கிறது என்பதற்கு அரசுப் பதிவேட்டிலேயே சான்று இருக்கும்.

தை பிறந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குழு ஒருமுறை கரை முழுவதும் நடக்கட்டும். கசிந்த இடம், அரித்த இடம், மீண்டும் முளைத்த சீமைக்கருவேலம் எல்லாவற்றையும் அங்கேயே பட்டியலிட்டு, ஜனவரி 26 கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள்.